நான்காவது வீடு

குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தெருப் பிள்ளைகள் வைத்த 'விலையக்கா' பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வங்கியில் யாராவது வீட்டுக் கடன் கேட்டால், அந்த வீடு உண்மையில் எவ்வளவு பெறும் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. சுவரில் சிவப்புப் புள்ளி அடித்துத் தூரம் சொல்லும் கருவி ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கும். கூடவே ஒரு பழைய இரும்புச் சாவி. தரை ஓடுகளை அதனால் தட்டிப் பார்ப்பாள். அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். பதினெட்டு வருடம் தட்டியதில், இப்போதெல்லாம் விருந்துக்குப் போன வீட்டில்கூட அவள் செருப்பில்லாத குதிகால் தானாகத் தட்டிப் பார்த்துவிடுகிறது.

டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுகிறவர்கள் மாதிரி, அவளைக் கண்டால் எல்லோரும் வீட்டைக் காட்டினார்கள். "சும்மா ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க அக்கா, சமையலறைக்குப் புது அலமாரி போட்டிருக்கோம். இப்போ எவ்வளவு போகும்?" அலமாரி போட்டாலும் போடாவிட்டாலும் அங்கே எல்லா வீடும் ஒன்றுதான். ஒரே கட்டுநர் ஒரே வருடத்தில் கட்டிய நாற்பத்தெட்டு வீடுகள். கீழே கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறைகளும் குளியலறையும், நடுவில் பதினைந்து படிகள். பக்கத்தில் ரயில் நிலையம் வரப்போகிறது என்று சொல்லித்தான் ஒன்பது வருடத்துக்கு முன் விற்றார்கள். வந்தவை ஆறு தூண்கள் மட்டும். அவற்றின் நடுவே புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஆனாலும் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் வீட்டு விலை ஐம்பத்திரண்டு லட்சம் என்பார்கள். அந்த விலைக்கு விற்றவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிடும்.

விலையக்காவும் கணவனும் முதல் வருடமே அங்கே வாங்கியவர்கள். கணவன் ஒரு அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் அச்சகம் நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். ஆறு மாதம் அலைந்து பார்த்துவிட்டு, அங்கேயே ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டார். சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கிளம்பிவிடுவார். பதினான்கு வயது மகள் அப்பாவிடம் கேட்கவேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்துச் சனிக்கிழமை கேட்பாள். வீட்டை விற்றுவிட்டு அச்சகத்துப் பக்கம் போய்விடலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கடனை அடைத்து, அங்கே ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட, நாற்பத்தாறு லட்சமாவது கையில் வரவேண்டும். தரகரிடம் சொல்லிவைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸும் அவளுடைய அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர், தெருவுக்கு டிரைவரண்ணன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டன. குளியலறை மேலேதான் என்பதால் மேலேயே படுக்கை போட்டார்கள். மேலே போனவர் பதினோரு மாதமாகக் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் யார் போனாலும் ஒரு வார்த்தை எறியாமல் விடமாட்டார். "பின்னாடி இடமிருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க!" என்பார், மூட்டையோடு நடப்பவரைப் பார்த்து. வாய் கொஞ்சம் கோணிப்போயிருந்ததால் சொல் குழறும். சிரிப்பு குழறாது.

ஒரு சனிக்கிழமை காலை நர்ஸ் சீருடையோடு விலையக்கா வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, வேலையா இருக்கீங்களா?"

"துணி மடிக்கிறது ஒரு வேலையா? உட்காருங்க."

நர்ஸ் உட்காரவில்லை. "ஒரு சின்ன வயசு ஜோடி வந்து வீட்டைப் பார்த்தாங்க. நாற்பத்திரண்டு தர்றோம்ங்கிறாங்க. ஆஸ்பத்திரி பக்கத்துல தரைத்தளத்துல ஒரு வீடு பார்த்து வச்சிருக்கேன். வாசல்ல படியே கிடையாது, சக்கர நாற்காலி நேரா உள்ள போகும். அதுக்கு நாற்பது இருந்தாப் போதும். ஆனா இங்க எல்லாரும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டுன்னு சொல்றாங்களே, ஏமாந்துடக் கூடாதேன்னு பயமா இருக்கு. நீங்க சொன்னா நான் கண்ணை மூடிட்டுச் செய்வேன். நாற்பத்திரண்டு நியாயமான விலையா?"

அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு விலையக்கா எழுதியிருக்கக்கூடிய பதில் நாற்பது. நாற்பத்திரண்டு என்றால் வாங்குகிறவர்கள் தாராளமாகவே கொடுக்கிறார்கள். இப்போதே ஓடிப்போய்க் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நொடியில் வேறொரு கணக்கு குறுக்கே வந்து நின்றது. எதிர்வீடு நாற்பத்திரண்டுக்குப் பத்திரம் ஆனால், நாளை தன் வீட்டுக்கு எந்த வங்கியும் அதற்கு மேல் ஒரு காசு மதிப்புப் போடாது. அச்சுப் பிசகாத அதே வீடுதானே.

"குறைச்சல்தான்," என்றாள்.

சொன்ன பிறகு தன் குரல் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நர்ஸ் முகம் வாடியது. அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பதில் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வேலையில் செய்வது போலவே, விற்பனையான வீடுகளை எண்ணோடு எழுதிக் காட்டினாள். ஐந்தாம் எண் வீடு நாற்பத்தொன்பது. இருபதாம் எண் ஐம்பது. நாற்பத்துநான்காம் எண் ஐம்பத்தொன்று.

"மூணு வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கணும்ங்கிறது எங்க விதி. பார்த்தீங்களா? ஐம்பதுக்குக் குறையாமக் கேளுங்க. பொறுங்க, ஆள் வரும்."

அந்த மூன்று எண்களில் பொய் இல்லை. ஆனால் மூன்றும் ரயில் நிலையத்துக்குத் தூண் எழும்பிய சூட்டில் விற்றவை. யாராவது தன் மேசைக்கு அவற்றைக் கொண்டுவந்திருந்தால் பழையது என்று தள்ளியிருப்பாள். நான்காவதாக ஒரு வீடு இருந்தது. கடைசித் தெருவில் முப்பத்தொன்றாம் எண். ஆறு மாதத்துக்கு முன் நாற்பத்தொன்றுக்குப் போனது. அளந்து எழுதியவளே அவள்தான். சித்தப்பாவிடமிருந்து அண்ணன் மகன் வாங்கிய வீடு, சொந்தத்துக்குள் நடந்தது கணக்கில் வராது என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு வருடம் அறிவிப்புப் பலகை தொங்கி, ஓர் ஆளும் வராமல்தான் அண்ணன் மகன் வாங்கினான் என்பது அவளுக்குத் தெரியும்.

நர்ஸ் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். "நல்லவேளை உங்ககிட்ட கேட்டேன்," என்றாள்.

அன்று மாலைக்குள் நர்ஸ் அந்த ஜோடிக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆள் வரவில்லை. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. படியில்லாத அந்தத் தரைத்தள வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று நர்ஸ் தெருவில் நின்று சொன்னபோது, விலையக்கா, "வேற கிடைக்கும்," என்றாள். பால் பொங்குகிறது என்று உள்ளே வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு. கணவன் கூடத்தில் தரையில் முதுகை நேராக வைத்துப் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்தால் கட்டிலில் படுக்கமாட்டார், தரைதான் முதுகுக்கு இதம் என்பார். பத்து மணிக்குத் தரகரிடமிருந்து அழைப்பு வந்தது. துள்ளி எழுந்தார்.

"ஆள் கூட்டிட்டு வர்றாராம்! எழுந்து அந்தத் துணியெல்லாம் உள்ள போடு."

தரகர் பின்னால் வந்தது ஒரு சின்ன வயது ஜோடி. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி இழைக்கிறவன் கணவன். மனைவி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. அவன் சுவர்களைப் பார்த்தான். அவள் குழாய்களைத் திறந்து பார்த்தாள்.

"எதிர் வீடும் பார்த்தோங்க," என்றாள் அவள், படி இறங்கியபடி. "பிடிச்சிருந்தது. நாற்பத்திரண்டு சொன்னோம். முதல்ல சரிங்கிற மாதிரி தலையாட்டினாங்க, அப்புறம் திடீர்னு ஐம்பதுன்னுட்டாங்க. இந்தத் தெருவே அந்த விலைதான் போலன்னு நினைச்சோம். வேற ரெண்டு மூணு இடம் பார்த்தோம், ஒண்ணும் அமையல."

விலையக்காவின் கணவன் அவசரமாக, "எங்களுக்கு அவ்வளவெல்லாம் வேணாம்மா. நாங்க நியாயமாத்தான் கேட்போம்," என்றார். பேச்சு நாற்பத்துநான்கில் தொடங்கி, இருதரப்பும் கடன் பத்திரங்களையும் சம்பளச் சீட்டுகளையும் நினைத்துப் பெருமூச்சு விட்டு, நாற்பத்தாறில் வந்து நின்றது. கண்ணாடி இழைக்கிறவன் சரி என்றுவிட்டான். மனைவி மட்டும் விலையக்கா பக்கம் திரும்பினாள்.

"நீங்க இந்த வேலையிலதான் இருக்கீங்களாமே, தரகர் சொன்னார். எங்க ரெண்டு பேருக்கும் இதுதாங்க முதல் வீடு. இருபது வருஷம் கட்டப்போறோம். உங்க வீடுன்னு பார்க்காம, மனசறிஞ்சு சொல்லுங்க. நாற்பத்தாறு நியாயம்தானே?"

கூடத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கணவனின் கை தன் முதுகின் வலிக்கும் இடத்தில் இருந்தது.

"நியாயம்தான்," என்றாள் விலையக்கா.

அடுத்த ஞாயிறு ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று. அவர்கள் வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டபோது எதிர் ஜன்னலில் டிரைவரண்ணன் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் எறியவில்லை. நர்ஸ் அன்று ஆஸ்பத்திரியில் பகல் வேலையில் இருந்தாள்.

மறுநாள் காலை விலையக்கா வேலைக்குக் கிளம்பியபோது ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஒரு நிமிஷம் மேல வந்துட்டுப் போம்மா. கதவு சாத்தித்தான் இருக்கு, பூட்டல."

பதினைந்து படிகளும் அவள் வீட்டுப் படிகள் போலவே இருந்தன. ஆனால் ஏழாவது படியில் நர்ஸ் ஒரு முக்காலி போட்டிருந்தாள், சாப்பாட்டுத் தட்டை நடுவில் வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள. மேல் அறையில் மருந்து வாசனையும் ஈரத் துண்டின் வாசனையும். சுவரில் நாற்காலியின் முதுகு உரசிய இடத்தில் சாயம் போய் அரைவட்டமாகத் தெரிந்தது.

"உட்காரு," என்றார் அவர். "எவ்வளவுக்கு முடிஞ்சுது?"

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு இங்க வந்து என்னோட அரை மணி நேரம் பேசிட்டுப் போனா. அவளை எனக்குத் தெரியாதா? நான் இங்க உட்கார்ந்து பார்க்காதது என்ன இருக்கு."

"நாற்பத்தாறு," என்றாள்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "நாங்க நாற்பத்திரண்டுக்கே கொடுத்திருப்போம். நீதான் ஐம்பதுன்னு எழுதிக் கொடுத்தியாமே. அந்தத் தாளை என் தங்கச்சி இன்னும் பத்திரமா வச்சிருக்கா."

"அண்ணே, நான்..."

"நான் அவகிட்ட சொல்லமாட்டேன்." இடது கையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்காக இல்லம்மா. இந்தத் தெருவில அவ மனசுவிட்டுப் பேசுறது உன் ஒருத்திகிட்டதான். காலையில என்னைக் குளிப்பாட்டிவிட்டு வேலைக்கு ஓடுறா, அங்க பத்துப் பேரைக் குளிப்பாட்டிட்டு வர்றா. பேசுறதுக்கு ஒரு ஆள்கூட இல்லாமப் போயிடக் கூடாது. அதனால சொல்லமாட்டேன். நீயும் கூப்பிட்டுப் பேசிட்டு இரு. பழையபடி."

அவர் திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் மற்றவர்களின் வீடுகளை அளந்தாள். ஒரு வீட்டில் வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்து, "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க," என்று கெஞ்சியபோது, கருவியை எடுத்து அதே சுவரை இன்னொரு தடவை அளந்தாள். சாயங்காலம் எதிர்வீட்டு விளக்கு எரிந்ததும் தன் வீட்டுத் திரையை இழுத்துவிட்டாள். நர்ஸ் ஒரு நாள் வாசலில் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டைப் பேசி முடிச்சிட்டீங்களாமே அக்கா, தரகர் சொன்னார். நல்ல விலைதானே? எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று கையைப் பிடித்தாள். வாங்குகிறவர்கள் யார் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் கணவன் வந்தார். கையில் மகளுக்கு ஒரு புதுப் பேனா, வாயில் சீட்டி. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மகளை மேலே அனுப்பிவிட்டு, விலையக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்ப என்ன பண்ணணும்ங்கிற?"

"நர்ஸ்கிட்ட சொல்லணும். அந்தப் பொண்ணுகிட்டயும்."

"சொன்னா?"

"வியாபாரம் முறிஞ்சு போகும்."

"தெரிஞ்சேதான் சொல்ற." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்கு நாற்பத்தெட்டு வயசு ஆகுது. அடுக்குக் கட்டில்ல மேல் தட்டுல ஏறிப் படுக்கிறேன். கீழ் தட்டுல இருக்கிற பையனுக்கு இருபத்திரண்டு வயசு, எழுந்து இடம் கொடுக்கமாட்டான். நம்ம பொண்ணு எவ்வளவு வளர்ந்திருக்கான்னு நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறேன். இதெல்லாம் உன் கணக்குல வருமா, வராதா?"

"வந்துதாங்க. வந்ததாலதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்."

"அப்போ அதோட விடு! சொன்னது சொன்னதுதான். அவங்களுக்கு வேற ஆள் வராமலா போயிடும்? நாம என்ன கொள்ளையா அடிச்சோம்? வாங்குறவங்க கேட்டாங்க, நாம சொன்னோம், ஒத்துக்கிட்டாங்க."

"அந்தப் பொண்ணு மனசறிஞ்சு சொல்லுங்கன்னு கேட்டா."

"மனசு!" என்று எழுந்தார். "உன் மனசு இன்னும் ரெண்டு நாள் தூங்கிட்டு எழுந்திருந்தா என்ன?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே போவார், போவதற்கு இடம் இல்லாத குடியிருப்பு அது. கடைசித் தெருவரை போய்த் திரும்பித் திரும்பி நடந்துகொண்டிருந்தார் என்று பிறகு மகள் சொன்னாள்.

விலையக்கா இரண்டரை மணிக்குப் பெரிய சாலைப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். நர்ஸ் வந்து இறங்கினாள். இருபது நிமிட நடை. பாதி தூரம்வரை நர்ஸ்தான் பேசினாள், வார்டில் ஒரு கிழவர் பல்செட்டை மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டுத் தேடிய கதை. தூண்கள் நிற்கும் இடம் வந்தபோது விலையக்கா நின்றாள். நிழலுக்கு அந்தத் தூணை விட்டால் வேறு எதுவும் இல்லை. அங்கேயே நின்று சொன்னாள். நாற்பதுதான் விலை, நாற்பத்திரண்டு நல்ல விலை, முப்பத்தொன்றாம் எண் வீட்டைத் தெரிந்தேதான் எழுதவில்லை, நாளைக்குக் கையெழுத்துப் போட வருவது அதே ஜோடிதான்.

நர்ஸ் அழவில்லை. கத்தவுமில்லை. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த தாளை எடுத்து, பிரித்து ஒரு தடவை படித்தாள்.

"என் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவரா கண்டுபிடிச்சுட்டார்."

"எப்போ?"

"திங்கக்கிழமை."

"ஆறு நாளா என்கிட்ட பேசிட்டே இருந்திருக்கார்," என்றாள் நர்ஸ். பிறகு வேலையில் பேசும் குரலில், "அவங்க இன்னும் கையெழுத்துப் போடல இல்ல? அந்தப் பொண்ணு நம்பர் என்கிட்ட இருக்கு," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். விலையக்கா பத்தடி பின்னால் நடந்தாள். வீடு வரை அந்தப் பத்தடி குறையவில்லை.

ஞாயிறு காலை அந்த ஜோடி வந்தபோது தரகர் ஒப்பந்தத்தாளை உறையில் வைத்துத் தயாராக நின்றார். பெண் உள்ளே வரவில்லை. தெரு நடுவிலேயே நின்றுகொண்டாள். நர்ஸ் தன் வாசலில், விலையக்கா தன் வாசலில். மேலே ஜன்னல்.

"அவங்களை ஐம்பது கேட்கச் சொன்னது யாருங்க?"

"நான்தான்," என்றாள் விலையக்கா.

"உங்க வீட்டுக்கு நாற்பத்தாறு நியாயம்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"உண்மையா எவ்வளவுங்க பெறும்?"

"நாற்பது. எந்த வீடா இருந்தாலும்."

நர்ஸ் இரண்டடி முன்னால் வந்தாள். "நான் நாற்பதுக்கே தர்றேம்மா. இன்னைக்கே தர்றேன்."

பெண் தன் கணவனைப் பார்த்தாள். அவனுக்கு ஆசை இருந்தது முகத்தில் தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள். "வேணாங்க. நீங்க நல்லவங்களாத்தான் தெரியறீங்க. ஆனா போன வாரம் இவங்களும் அப்படித்தான் தெரிஞ்சாங்க. இப்போ நாற்பதும் சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. யார்கிட்டப் போய்க் கேட்கிறது?"

இருவரும் பெரிய சாலை நோக்கி நடந்தார்கள். தரகர் உறையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். விலையக்காவின் கணவன் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. கூடுதல் வேலை என்று மகளிடம் மட்டும் சொன்னார்.

தரகர் வாய் சும்மா இருக்கவில்லை. நாற்பது என்ற எண் ஒரே வாரத்தில் ஆறு தெருவுக்கும் பரவியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து, "உங்க மனசாட்சிக்கு நாங்க நாற்பத்தேழு வீட்டுக்காரங்க பணம் கட்டணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வழியில் பார்த்தால் அலமாரி காட்டக் கூப்பிட்டவர்கள் எல்லாம் இப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அலுவலகத்தில் அவள் மேலாளரிடம் தானாகவே போய் நடந்ததைச் சொன்னாள். அந்தக் குடியிருப்பு வீடு எதையும் இனி அளக்கமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

எதிர்வீடு நான்கு மாதம் கழித்து முப்பத்தொன்பதுக்கு விற்றது. படியில்லாத அந்த வீடு போய்விட்டதால், ஆஸ்பத்திரிக்குப் பின் சந்தில் ஒற்றை அறை வீடு ஒன்று நர்ஸுக்குக் கிடைத்தது. தரைத்தளம்தான். சாமான் வண்டி ஒரு சனிக்கிழமை வந்தது. டிரைவரண்ணனை நாற்காலியோடு தூக்கி இறக்க நான்கு பேர் வேண்டும். மூன்று பேர்தான் இருந்தார்கள்.

விலையக்காவின் கணவன் அப்போதுதான் பையோடு தெருவில் வந்துகொண்டிருந்தார். பையை நடைபாதையில் வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்குள் போனார். நாற்காலியின் முன்பக்க இடது காலை அவர் பிடித்தார். படியில் இறங்கும்போது பாரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் இருப்பவர்கள் மேல்தான் சாயும். வாசலுக்கு வந்தபோது அவர் முகம் வெளுத்து வேர்த்திருந்தது. டிரைவரண்ணன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் மடியில் விழுந்த இலையை இடது கையால் எடுத்துப் பார்த்தார். சிரிக்கவுமில்லை, எதுவும் சொல்லவுமில்லை.

விலையக்கா தன் வாசலை விட்டு இறங்கவில்லை. இறங்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் வண்டியில் ஏறுமுன் ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்ததா என்று விலையக்கா பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தாள். சாமான் எல்லாம் ஏற்றியாயிற்றா என்று சரிபார்க்கிறவளின் பார்வைதான் அது. அவ்வளவுதான்.

வண்டி போனதும் கணவன் உள்ளே வந்து தரையில் மல்லாந்து படுத்தார். அவள் வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து முதுகுக்கு அடியில் வைத்தாள். நான்கு மாதத்தில் அவர் அதை அனுமதித்தது அதுதான் முதல் தடவை.

"பத்திரம் எவ்வளவுக்கு ஆச்சு?" என்று கேட்டார், கூரையைப் பார்த்தபடி.

"முப்பத்தொன்பது."

"அப்போ நம்மதும் அதுதான்."

"அதேதான்."

"கடனை அடைச்சா மிச்சம் ஆறு." அவர் விரலை மடக்கவில்லை, அவருக்கு மனப்பாடம். "ஆறை வச்சு அங்க ஒரு கழிப்பறைகூட வாங்க முடியாது."

"வாடகைக்கு விட்டுப் பார்க்கலாம்."

"இங்க யார் வாடகைக்கு வருவா?" என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே கேட்டார். அவளுக்குத் தொழில் தெரியும் என்பதால் கேட்டார். அவளும் யோசித்துப் பார்த்து, "யாரும் வரமாட்டாங்க," என்றாள்.

மேலேயிருந்து மகள் தாளோடு இறங்கி வந்தாள். அந்த வாரத்துக் கேள்விகள் இரண்டு பக்கம் இருந்தன. அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலாவதைப் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திரும்பப் படி," என்றார். அவள் திரும்பப் படித்தாள்.

விலையக்கா எழுந்து கதவைச் சாத்தப் போனாள். எதிர்வீட்டு மேல் ஜன்னலில் வீட்டை வாங்கியவர்கள் வந்து கம்பி பதிக்க அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் அகலத்தை ஒருவன் உரக்கச் சொன்னான், இன்னொருவன் எழுதிக்கொண்டான். அவன் சொன்ன எண் அரை அங்குலம் குறைவு என்று அவளுக்குத் தெரியும். எல்லா ஜன்னலும் ஒரே அளவுதான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.